கையைக் கட்டிக்கொண்டு வானம் பார்ப்பது

தொலைநோக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" அதற்கடுத்தது, "நிலாவுல நட்ட கொடி தெரியுமா?" கொடி தெரியாது. பூமியில் இருக்கும் எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது. முதல் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். என்னிடம் இருப்பது 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள சாதாரண ஒளிவிலகல் தொலைநோக்கி. அதில் நான் பெரும்பாலான நேரம் பார்ப்பது 28 மடங்கில். "பெட்டி மேல 525னு போட்டிருக்கே?" என்பார்கள். போட்டிருக்கிறது, உண்மைதான்.

கணக்கு எளிது. தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 25 மி.மீ. வில்லையைப் போட்டால் 28 மடங்கு. 10 மி.மீ. போட்டால் 70. பெட்டியோடு வரும் 4 மி.மீ. வில்லையில் 175. அதோடு பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையையும் சேர்த்துச் செருகினால் 525. கணக்கில் பொய்யே இல்லை. அந்த 525 மடங்கில் கண்ணுக்குத் தெரிவது என்ன என்பதைத்தான் பெட்டி சொல்வதில்லை: ஓரம் கலங்கி, சாம்பல் பூத்து, நிற்காமல் நடுங்கும் ஒரு திட்டு.

காரணம் ஒளிக் கையிருப்பு. இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியின் விட்டம் சுமார் 7 மி.மீ. தொலைநோக்கியின் 70 மி.மீ. வில்லை அதைப் போல 10 மடங்கு அகலம், பரப்பில் 100 மடங்கு. அவ்வளவு ஒளியைத்தான் அது சேர்த்துக் கொடுக்கும். பெருக்கத்தை இரட்டித்தால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவியாக வேண்டும், காட்சி நாலில் ஒரு பங்காக மங்கிவிடும். ஒளியின் அலைத்தன்மை இன்னொரு வரம்பையும் வைத்திருக்கிறது. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் கிடைப்பது ஒரு வில்விநாடி. 70 மி.மீ. வில்லையால் பிரித்துக் காட்ட முடிவது சுமார் 1.7 வில்விநாடி வரைதான். அதைவிட நுணுக்கமான எதுவும் பிம்பத்தில் பதிவதே இல்லை. பிறகு எத்தனை மடங்கு பெருக்கினாலும் மங்கலைத்தான் பெருக்குவோம். விட்டத்தின் மி.மீ. எண்ணை இரட்டித்தால் வருவதே பயனுள்ள உச்சப் பெருக்கம் என்பது பார்வையாளர்களிடையே வழங்கும் கைக்கணக்கு. 70 மி.மீ.-க்கு 140. அதுவும் காற்று அடங்கிய இரவுகளில்.

என் அக்கா மகன் முதல்முறை வியாழனைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா மாமா?" என்றான். எல்லோரும் கேட்பதுதான். வியாழன் பூமிக்கு ஓரளவு அருகில் இருக்கும் மாதங்களில் அதன் விட்டம் சுமார் 45 வில்விநாடி. 40 மடங்கு பெருக்கினாலே வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவை அது எட்டிவிடும். 70 மடங்கில் நிலாவைவிடப் பெரிது. யாரும் நம்புவதில்லை. நிலாவும் வியாழனும் அருகருகே வரும் இரவில் ஒரு கண்ணைத் தொலைநோக்கியிலும் மறு கண்ணை நேரே நிலாவிலும் வைத்துப் பார்த்தால் தெரியும். சுற்றிலும் கறுப்பு, அளவு ஒப்பிடப் பக்கத்தில் ஒன்றுமில்லை, அதனால் மூளை 'சின்னது' என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. அவனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னேன். முதலில் வெறும் வெள்ளைப் பொட்டு என்றான். பிறகு குறுக்கே ஒரு கோடு என்றான். பிறகு, "இல்ல, ரெண்டு." வில்லையை நான் மாற்றவே இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கே இதுதான் காரணம். சின்னத் தொலைநோக்கியைப் பொறுத்தவரை பெருக்குவது, திருகுவது, துடைப்பது, கழற்றுவது என்று கை செய்ய ஆசைப்படும் பெரும்பாலானவை காட்சியைக் கெடுக்கின்றன. கருவியையும் கெடுக்கின்றன.

முதலில் கால். தொடக்கநிலைத் தொலைநோக்கிகளில் வில்லை பெரும்பாலும் பரவாயில்லாமல்தான் இருக்கும், முக்காலிதான் சொதப்பும். குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் பாருங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடிகளில் அடங்கினால் நல்ல முக்காலி. அடங்காவிட்டால் கால்களை முழுதாக நீட்டாமல் குறுக்கி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். நடுத் தட்டின் திருகுகளை இறுக்கலாம். கனமான பை ஒன்றை முக்காலியின் நடுவில் தொங்கவிடலாம். இதெல்லாம் செலவில்லாத வைத்தியம், புதிய வில்லை வாங்குவதைவிட அதிகம் உதவும்.

வானம் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. 28 மடங்கில் ஏறக்குறைய 1.8 பாகை அகல வானம் தெரியும்; வான நடுவரை (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகில் உள்ள விண்மீன் அதைக் கடக்க ஏழு நிமிடம் எடுக்கும். 70 மடங்கில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. 525-இல் அரை நிமிடம்கூடக் கிடைக்காது, அதற்குள் ஆட்டமே அடங்கியிருக்காது. கோளைத் துரத்திக்கொண்டே திருகுகளைத் திருப்பினால் காட்சி முழுக்க நடுக்கம்தான். நான் செய்வது வேறு. கோள் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று பார்த்துவிட்டு, காட்சி வட்டத்தின் எதிர் ஓரத்தில் அதை நிறுத்துவேன். பிறகு கையை எடுத்துவிடுவேன். ஆட்டம் அடங்கும்போது அது தானாக நடுவுக்கு வந்து சேரும். வட்டத்தின் நடுவில்தான் கூர்மையும் அதிகம்.

முக்காலி மேல் அமரும் தாங்கியில் இரண்டு வகை. மேலும் கீழும், இடமும் வலமும் நகர்வது ஒன்று. பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவைத்து ஒரே திருகால் விண்மீனைப் பின்தொடர்வது இன்னொன்று. இரண்டாவது கேட்க அழகாக இருக்கும். ஆனால் சிறு கருவிகளோடு கொடுக்கும் அந்த வகைத் தாங்கிகள் பெரும்பாலும் தள்ளாடும், எதிர் எடை வேறு முழங்காலில் இடிக்கும். புதியவர்களுக்கு முதல் வகையே நல்லது என்பேன்.

முதல் இரவில் ஒன்றும் அகப்படாமல் வெறுத்துப் போகிறவர்களுக்கு அநேகமாக ஃபைண்டர்தான் வில்லன். குழாயின் முதுகில் இருக்கும் அந்தச் சின்னக் குறிகாட்டியும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். இதை இரவில் சரிசெய்யப் போராட வேண்டாம். பகலில், சூரியன் இல்லாத திசையில், தொலைவிலுள்ள கோபுரத்தின் உச்சியையோ கம்பத்தின் முனையையோ மிகக் குறைந்த பெருக்கத்தில் நடுவில் கொண்டுவந்து, ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே முனையைக் காட்டும்படி செய்தால் போதும். சில நிமிட வேலை. சிவப்புப் புள்ளி ஃபைண்டராக இருந்தால் வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். பல வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். கசிந்த மின்கலம் உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும்.

சூரியனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் விழித்திரை கருகிவிடலாம். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது, கருகும்போது தெரியவே தெரியாது. சில பழைய கருவிகளோடு கண்ணருகு வில்லையில் திருகிப் போடும் கறுப்புக் கண்ணாடி ஒன்று, சூரியனைப் பார்க்க என்று எழுதிக் கிடைக்கும். அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பம் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிடலாம். சூரிய வடிகட்டி என்றால் அது குழாயின் முன்வாயை முழுதாக மூட வேண்டும், காற்றில் கழன்று விழாதபடி பொருந்த வேண்டும், ஃபைண்டரும் மூடியிருக்க வேண்டும். பகலில் சாளரத்தருகே மூடியில்லாமல் தொலைநோக்கியை நிறுத்திவைப்பதும் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கூடாது.

இனி வானம். தொடங்க வேண்டிய இடம் நிலா, ஆனால் முழு நிலா அன்று வேண்டாம். அன்று ஒளி நேர் எதிரே விழுவதால் நிழலே இராது, எல்லாம் வெள்ளையடித்த சுவர். வளர்பிறையில் ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டிப் பாருங்கள். அங்கே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது. சிறு மேடுகூட நீண்ட நிழல் போடும். அரை நிலவன்று அப்பனைன் மலைத்தொடர் நன்றாகத் தெரியும். ஒன்பதாம் நாள் வாக்கில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம், படிக்கட்டு வைத்த உள்சுவர்களோடு எழுந்து நிற்கும். எல்லைக்கோட்டைத் தாண்டிய இருட்டுக்குள் தனித்தனி ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அவை மலை உச்சிகள். கலிலியோ 1609-இல் இந்தப் புள்ளிகள் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதை வைத்தே நிலாவின் மலைகளுக்கு உயரம் கணக்கிட்டார். நிலாவின் நடுவரையில் அந்த எல்லைக்கோடு நகரும் வேகம் மணிக்குச் சுமார் 15 கி.மீ., மிதிவண்டி வேகம்தான். ஒரே பள்ளத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நிழல் சுருங்குவதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

நிலா வரைபடத்தோடு ஒப்பிடும்போது ஒரு குழப்பம் வரும். ஒளிவிலகல் தொலைநோக்கியில், குனியாமல் பார்க்க ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் சாய்வுக் கண்ணாடியைச் செருகிப் பார்த்தால் மேல் கீழ் சரியாக இருக்கும், இடம் வலம் மாறியிருக்கும். முன்வில்லைக்குப் பதில் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழ். கருவி பழுதில்லை, அப்படித்தான் இருக்கும்.

வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் 28 மடங்கிலேயே வரிசையாக நிற்கும். கலிலியோ 1610 ஜனவரியில் அவற்றைக் கண்டபோது அவரிடம் இருந்தது ஏறத்தாழ 20 மடங்குக் கருவி, அதன் காட்சி வட்டத்தில் முழு நிலாவே அடங்காது. இன்று விற்கும் சாதாரண 70 மி.மீ. தொலைநோக்கி அதைவிட எல்லா வகையிலும் மேல். அயோ வியாழனைச் சுற்ற 42 மணி நேரம்தான் எடுக்கிறது, அதனால் மாலையில் பார்த்த இடத்தில் நள்ளிரவில் இராது. அயோ வியாழனின் நிழலுக்குள் மறையும் நேரங்கள் முன்பின்னாக விலகுவதைக் கவனித்துத்தான் 1676-இல் வானியலாளர் ஓலே ரோமர் ஒளிக்கும் வேகம் உண்டு என்று சொன்னார். நாலு புள்ளிகளைத் தாளில் குறித்துவைக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சனியைப் பார்த்துவிட்டு, முன்வாயில் படம் ஒட்டியிருக்கிறாயா என்று கேட்டவர் உண்டு. 70 மடங்கில் வளையம் தனியாகப் பிரிந்து தெரியும். 1610-இல் கலிலியோவுக்கு அது ஒட்டி நிற்கும் மூன்று உருண்டைகளாகத் தெரிந்தது. 1612-இல் பக்கத்து உருண்டைகள் காணாமல் போக, திகைத்துப் போனார். வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது. 1659-இல்தான் வானியலாளர் ஹைகன்ஸ் அது கோளைத் தொடாத தட்டையான வளையம் என்று விளக்கினார். 2025 மார்ச்சில் மறுபடியும் அதே விளிம்புநிலை வந்தது. இப்போது வளையம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டிருக்கிறது, 2032 வாக்கில் நன்றாகத் திறந்திருக்கும். இந்த ஆண்டுகளில் தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு அந்த விரிவை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது.

கோள்களைத் தாண்டிப் போனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் படங்களில் வருவது போல இளஞ்சிவப்பாக இராது, சாம்பல் நிறப் புகையாகத்தான் இருக்கும். மங்கலான ஒளியில் வேலை செய்யும் நம் விழித்திரைச் செல்களுக்கு நிறம் தெரியாது. அந்தச் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை, சுற்றுப்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே மங்கலான பொருளை நேராக முறைக்காமல், அதன் பக்கத்தில் பார்வையை நிறுத்தினால் அது பளிச்சென்று மேலெழும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் கைப்பேசியை ஒருமுறை திறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கார்த்திகைக் கூட்டத்துக்கு எப்போதும் குறைந்த பெருக்கம்தான். 70 மடங்கில் போனால் கூட்டம் சிதறி, நாலைந்து விண்மீன்கள் மட்டும் மிஞ்சும். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரையும் அருந்ததியையும் வெறுங்கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். தொலைநோக்கியைத் திருப்பினால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார், இடைவெளி 14 வில்விநாடி. அன்ன மண்டலத்தின் ஆல்பிரியோவுக்கு 28 மடங்கே தாராளம்: ஒன்று பொன்னிறம், மற்றது நீலம். ஆந்திரோமீடா விண்மீன் திரள் (கேலக்ஸி) வெறும் மங்கல் திட்டுத்தான். அந்தத் திட்டிலிருந்து வரும் ஒளி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது என்று சொல்லிக் காட்டினால் பார்ப்பவர் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்மீன்கள் படபடவென்று மின்னும் இரவு கவிஞர்களுக்கு நல்லது, கோள் பார்க்கிறவர்களுக்கு ஆகாது. மேலே காற்று கலங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம் அந்த மினுக்கல். சாளரக் கண்ணாடி வழியே பார்ப்பதும், பகலெல்லாம் வெயில் வாங்கிய கூரைக்கு மேலே பார்ப்பதும் வீண். தொலைநோக்கியை வெளியே வைத்துவிட்டு அரைமணி நேரம் வேறு வேலை பாருங்கள். குழாயும் வில்லையும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்கும்வரை உள்ளே வெப்ப ஓட்டம் பிம்பத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும்.

பராமரிப்புக்கு வருகிறேன். வில்லைக்கு முதல் எதிரி ஈரம். தெளிந்த இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். பனி படிவது அதனால்தான். முன்வாயில் நீண்டிருக்கும் பனித்தடுப்புக் குழல் இதைத் தள்ளிப்போடும். அது குட்டையாக இருந்தால் கறுப்புத் தாளைச் சுருட்டி நீட்டிக்கொள்ளலாம். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே ஈரக்காற்றுக்குக் கொண்டுபோனாலும் இதே கதை. படிந்த பனியைத் துடைக்கக் கூடாது, தானாக உலர விட வேண்டும். வீட்டுக்குள் எடுத்துவரும்போது மூடி போட்டே எடுத்துவந்து, கருவி அறை வெப்பத்துக்கு வந்தபின் மூடியைத் திறந்து வைத்து, நன்றாக உலர்ந்தபிறகே மறுபடி மூட வேண்டும். ஈரத்தோடு பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய நூல்வலை போலப் பரவி, அது சுரக்கும் அமிலத்தால் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும். அந்தத் தழும்பு பிறகு போகாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டுவைத்து, ஈரம் குடித்து நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தியோ புதிது மாற்றியோ வைக்கலாம். அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துவதுகூடப் பூஞ்சைக்கு நல்ல மருந்து.

இரண்டாவது எதிரி சுத்தக்காரர்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் புது வில்லைகூட அழுக்காகத்தான் தெரியும். தயவுசெய்து அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வில்லை மேல் இருக்கும் கொஞ்சம் தூசி காட்சியைக் கெடுப்பதே இல்லை. ஆனால் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தால் அந்தத் தூசியே உப்புத்தாளாகி நிரந்தரக் கீறல் போடும். ரப்பர் ஊதுகுழலால் ஊதலாம், வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். மிருதுவான தூரிகையால் ஒட்டாமல் தட்டலாம். விரல் ரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ பட்டிருந்தால் மட்டும் திரவம். அதையும் வில்லையில் நேரே ஊற்றாமல் வில்லைத் தாளில் நனைத்து, அழுத்தாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒருமுறை இழுத்துவிட்டு, அடுத்த இழுப்புக்குப் புதுத் தாள் எடுக்க வேண்டும். ஊற்றினால் திரவம் விளிம்பு வழியாக இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே இறங்கிவிடும். உண்மையில் அடிக்கடி அழுக்காவது கண்ணருகு வில்லைதான், கண்ணிமை எண்ணெய் அதில் ஒட்டுகிறது.

முன்வில்லையை அதன் வளையத்திலிருந்து கழற்றவே கழற்றாதீர்கள். அது ஒற்றைக் கண்ணாடி இல்லை, இரு வகைக் கண்ணாடியில் செய்த இரண்டு வில்லைகள். அவற்றின் இடைவெளியும் திசையும் மையமும் கொஞ்சம் பிசகினாலும் கூர்மை போய்விடும். நியூட்டன் வகை வைத்திருப்பவர்களுக்குக் கண்ணாடியைத் துடைக்கும் ஆசை இன்னும் ஆபத்தானது. அதன் மேலிருக்கும் அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மி.மீ.-இன் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பல ஆண்டுகள் கழித்துத் தேவைப்பட்டால் நீரோட்டத்தில் அலசி, வாலை வடித்த நீரால் முடித்து, சாய்த்து உலர்த்தலாம், தேய்க்கக் கூடாது. அவர்களுக்குக் கூடுதலாகச் செய்ய வேண்டியது அச்சு ஒத்திசைவு, அதாவது கண்ணாடிகளின் அச்சை ஒன்றோடொன்று பொருத்துவது. நல்ல பெருக்கத்தில் பிரகாசமான விண்மீன் ஒன்றைக் காட்சியின் நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்றே கலைத்தால் வளையங்கள் தெரியும். அவை ஒரே மையத்தில் அமைந்திருந்தால் எதையும் தொட வேண்டாம். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் பின்புறத் திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, விண்மீனை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும்.

அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால், 32 மி.மீ. பிளாசல் வகைக் கண்ணருகு வில்லை ஒன்று சொல்வேன், 22 மடங்கு வரும். உயரம் மாற்றக்கூடிய ஒரு நாற்காலி சொல்வேன், நின்றுகொண்டு குனிந்து பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும். வண்ண வடிகட்டிப் பெட்டிகள் வேண்டாம், 70 மி.மீ.-இன் ஒளியில் வடிகட்ட ஒன்றும் மீதமில்லை. ஒரு வருடம் ஆன பிறகும் ஆசை தணியாவிட்டால் 150 மி.மீ. டாப்சோனியன், அதாவது தரையில் வைக்கும் பெட்டித் தாங்கியில் அமர்ந்த நியூட்டன் வகைக் கருவி, நல்ல அடுத்த படி. ஒளி நாலரை மடங்கு கூடும், தரையில் ஆடாமல் உட்காரும். ஆனால் வாங்கும் முன் இரு கையாலும் தூக்கிப் பாருங்கள். படிக்கட்டில் இறக்கி ஏற்ற மனம் வராத கருவி மூலையில்தான் நிற்கும். பழைய 70 மி.மீ.-ஐ விற்றுவிடவும் வேண்டாம், மேகம் விலகிப் பத்து நிமிடம் மட்டும் கிடைக்கும் இரவில் ஒரே கையில் தூக்கிக்கொண்டு வெளியே போக அது வேண்டியிருக்கும்.